எழுத்தைப் பெரிதாக்கும் முன்: புகையிலையும் நம் பார்வையும்

(கவரைப்பேட்டையில், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நடந்த கண் பரிசோதனை முகாமில், ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் பின்வரிசையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே சுருக்கமாகப் பேசணும்னு நினைக்கிறேன். பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன வேலை. கையில் இருக்கிற செல்போனை எடுங்க. அதில் எழுத்து அளவு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்க. போன வருஷம் இருந்த அதே அளவுதானா, இல்லை ஒரு படி ஏற்றி வைத்திருக்கிறீர்களா? திரை வெளிச்சத்தையும் பாருங்க. அந்தக் கோடு முழுசாக ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதா?

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருகிற விஷயம். வெள்ளெழுத்து என்று நம் பெரியவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணாடி போதும், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடி போட்டும் தெளியவில்லை, வெளிச்சத்தைக் கூட்டினாலும் பத்தவில்லை, ராத்திரி ஜி.என்.டி. ரோட்டில் எதிரே வருகிற லாரி விளக்கு கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை என்றால், அதை வெள்ளெழுத்துக் கணக்கில் சேர்க்காதீங்க. அப்படி வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, புகை பிடிப்பீங்களா? புகையிலை போடுவீங்களா?" என்பதுதான்.

நிறைய பேர் சிரிப்பார்கள். "கண்ணைக் காட்ட வந்தா நெஞ்சு டாக்டர் மாதிரி கேக்கறீங்களே சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பீடி, சிகரெட் என்றாலே நமக்கு நுரையீரலும் வாய்ப் புற்றுநோயும்தான் ஞாபகம் வரும். 2016-லிருந்து நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை போடுகிறார்கள். அதில் வந்த படங்களும் வாய், தொண்டை சம்பந்தப்பட்டவைதான். ஆஸ்திரேலியாவில் பல வருஷம் பெட்டியின் மேல் கண் படத்தைப் போட்டு, 'புகைத்தால் பார்வை போகும்' என்ற பொருளில் அச்சடித்தார்கள். நம் ஊரில் அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

உங்க முன்னால் நல்லவன் வேஷம் போட நான் வரவில்லை. நானும் 14 வருஷம் சிகரெட் பிடித்தவன். காலையில் முகாமுக்குப் போகும் முன் ஒன்று, மதியம் சாப்பிட்டதும் ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது கணக்கே கிடையாது. அந்தக் கையோடுதான் மற்றவர்கள் இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்ணு அப்புறம் பாக்கலாம், மொதல்ல போயி கையைக் கழுவிக்கினு வா ராசா" என்றார். மற்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அன்றைக்கே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு மூன்று தடவை விட்டு, மூன்று தடவை மறுபடி பிடித்து, நாலாவது தடவைதான் விட்டேன்.

சரி, வாயில் இழுக்கிற புகை கண்ணுக்கு எப்படிப் போகிறது? முகத்துக்கு முன்னால் பறக்கிற புகை கண்ணில் படுவது ஒரு பக்கம். அது கண்ணை எரிய வைக்கும், கண்ணீர்ப் படலத்தைக் கெடுக்கும், மண் விழுந்த மாதிரி உறுத்தும். அது சின்ன பிரச்சினை. பெரிய பிரச்சினை உள்ளே போகிற புகையில் இருக்கிறது. நுரையீரலுக்குப் போன நஞ்சு அங்கேயே தங்குவதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி வருகிறது. கண்ணோ மிக மெல்லிய ரத்தக் குழாய்களை நம்பி வாழ்கிற உறுப்பு. நிகோடின் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கண்ணுக்குள்ளே ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அது புரதத்தால் ஆனது. முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொள்ளுங்க. உடைத்து ஊற்றும்போது அடியில் தட்டு தெரிகிற அளவுக்குத் தெளிவு. சூடு ஏறினால் வெள்ளையாகிவிடும். அதை மறுபடி தெளிவாக்க யாராலும் முடியாது. வயதாக ஆக லென்ஸில் இதே மாதிரி ஒரு மாற்றம் மெதுவாக நடக்கிறது. அதைத்தான் கண்புரை என்கிறோம். புகையிலையில் இருந்து வருகிற காட்மியம் போன்ற உலோகம் லென்ஸில் சேருகிறது. அந்தப் புரதத்தைக் காப்பாற்றுகிற வைட்டமின் சி புகைப்பவர்கள் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது. மெதுவாக நடக்க வேண்டியது சீக்கிரமே நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஆண் டாக்டர்களையே பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1992-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைவிடக் கண்புரை வருகிற ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ஊருக்கு உபதேசம் சொல்கிற டாக்டர்களுக்கே அந்தக் கதி!

அமெரிக்காவை விடுங்க. நம்ம மாவட்டத்துக்கே வருகிறேன்.

2000-க்குப் பிறகு சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் 27 கிராமங்களில் கண் அழுத்த நோய் பற்றி ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு முழுசாகக் கண் பரிசோதனை செய்தார்கள். கூடவே புகையிலைப் பழக்கத்தையும் விசாரித்து எழுதினார்கள். 2006-ல் அது ஒரு பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் தனிக் கட்டுரையாக வந்தது. 3,924 பேரில் 1,705 பேருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல்! அந்த 1,705-ஐப் பிரித்துப் பார்த்தால், புகைப்பவர்கள் மட்டும் 731, வாயில் போடுபவர்கள் மட்டும் 900, இரண்டும் செய்கிறவர்கள் 74. பெண்கள் 599 பேர். அதில் புகைப்பவர் ஒரே ஒருவர். மற்ற 598 பேரும் வெற்றிலை பாக்கோடோ தனியாகவோ புகையிலை மெல்கிறவர்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். வயதையும் ஆண், பெண் வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் புகையிலைக்கும் கண்புரைக்கும் சம்பந்தம் நின்றது. யாரிடம் அது அதிகம் என்று நினைக்கிறீர்கள்? பீடி, சிகரெட் பிடிப்பவர்களைவிட, வாயில் போட்டு மெல்கிறவர்களிடம்தான் அந்தச் சம்பந்தம் பலமாகத் தெரிந்தது. புகையே இல்லை, கண்ணில் மட்டும் புரை.

மதுரைப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டக் கிராமங்களில் 5,150 பேரைப் பரிசோதித்தபோது, மிதமாகவும் அதிகமாகவும் புகைப்பவர்களுக்கு லென்ஸின் நடுப்பகுதியில் வருகிற புரை கூடுதலாக இருந்ததைப் பார்த்தார்கள். ஆக, புகைத்தாலும் விடாது, மென்றாலும் விடாது.

இதை ஏன் இந்த ஊரில் நின்றுகொண்டு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல இடங்களில் கேட்டுக்குள்ளே நெருப்புப் பொருள் கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். நல்ல ஏற்பாடு. வேலை செய்யும் இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது; 2008 அக்டோபர் 2-லிருந்து பொது இடம், பணியிடம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் எங்கே பிடித்தாலும் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்ந்தால் பன்னிரண்டு மணி நேரம் தம் இல்லாமல் இருக்க முடியாதவர் என்ன செய்கிறார்? உதட்டுக்குள் ஒரு சிட்டிகை ஒதுக்கிக்கொள்கிறார். மாவா, குட்கா, பொட்டலம். வடநாட்டுத் தம்பிகள் உள்ளங்கையில் சுண்ணாம்போடு வைத்துத் தேய்க்கிற கைனி. 2013-லிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை இருந்தும் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் வழி சொல்வீர்கள். "பொகையை உட்டுட்டேன் சார், இப்ப இது மட்டுந்தான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கண்ணுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. வாய்ப் புற்றுக்கும் நேர்வழி அது.

அம்மாமார்களுக்கும் இதையே சொல்கிறேன். சுருக்குப்பையில் இருக்கிற அந்தக் காய்ந்த இலைத் துண்டைச் சொல்கிறேன். வெற்றிலை போடுவது உங்க இஷ்டம், நான் ஏன் கேட்கிறேன். புகையிலைக் காம்பை மட்டும் எடுத்துப் போட்டுவிடுங்க. பல்வலிக்கு நல்லது, குளிருக்கு நல்லது என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவிட்டுப் போனதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கண்புரையில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பிவிடும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் ஆரம்பித்தது, இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. அங்கேயும், மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கண்புரை ஆபரேஷன் இலவசம். இதைக் கேட்டதும் சிலர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவீர்கள். 'புரைதானே, அப்போ வந்தா ஆபரேஷன் பண்ணிக்கலாம், இப்போ ஒரு தம் போடலாம்.' அந்தக் கணக்கு தப்பு. லென்ஸை மாற்றலாம். லென்ஸுக்குப் பின்னால் இருப்பதை மாற்ற முடியாது.

லென்ஸ் கேமராவின் முன்பக்கக் கண்ணாடி என்றால், பின்னால் இருக்கிற விழித்திரைதான் படம் விழுகிற இடம். அதன் நடுவில் மாகுலா என்று ஒரு சின்னப் புள்ளி. முகம் பார்ப்பது, படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, வெர்னியர் அளவு பார்ப்பது எல்லாம் அந்தப் புள்ளியின் வேலை. வயதான காலத்தில் அது சிலருக்குச் சிதைந்து போகிறது. ஓரத்துப் பார்வை இருக்கும், நடுவில் ஒரு கறை. வாசலில் யாரோ நிற்பது தெரியும், அது பேரனா பக்கத்து வீட்டுப் பையனா என்பது தெரியாது. பஸ் வருவது தெரியும், நம்பர் தெரியாது. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வருகிற ஆபத்து இரண்டு முதல் நாலு மடங்கு. அதுவும் புகைக்காதவர்களைவிட ஐந்தரை வருஷம் வரை முன்னாலேயே வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் எழுதியிருக்கிறது. ஒரு வகைக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டு, மேலும் கெடாமல் தடுத்து வைக்கலாம். இன்னொரு வகைக்கு, இழந்ததைத் திருப்பித் தருகிற மருந்து கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால் வலியே இருக்காது. இரண்டு கண் இருப்பதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று சேர்த்துச் சுமந்துகொண்டு போகும். நமக்குத் தெரியவே தெரியாது. கிரேன் ஓட்டுகிற ஒருவர் என்னிடம் வந்தார். இருபது வருஷ அனுபவம், நாளைக்கு ஒரு கட்டு பீடி. ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்தது, கசக்கிக்கொண்டே அதை மூடியிருக்கிறார். வலது கண்ணால் எதிரே பார்த்தால் நேராக நிற்கிற கம்பம் நடுவில் வளைந்து தெரிகிறது. கம்பம்தான் வளைந்துவிட்டது என்று நினைத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கிறார்! அந்த வலது கண் எப்போதிலிருந்து அப்படி இருந்ததோ, அவருக்கே தெரியவில்லை. அவருடைய கண்ணை மட்டும் சேர்ந்த விஷயமா அது? மேலே தொங்குகிற இரும்புக்குக் கீழே எத்தனை பேர் நடமாடியிருப்பார்கள்!

அதனால் வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்க. சுவரில் மாதக் காலண்டர் இருக்கும், கட்டம் கட்டமாக. படிக்கிற தூரத்தில் அதை வைத்துக்கொண்டு, கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நடுவில் இருக்கிற ஒரு தேதியையே பாருங்க. சுற்றி இருக்கிற கோடுகள் நேராகத் தெரிகிறதா? எந்தக் கட்டமாவது காணாமல் போகிறதா, நெளிகிறதா? அப்புறம் அடுத்த கண். நெளிந்தால் அடுத்த வாரம் போய்க்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை தேதி கிழிக்கிற அன்றைக்கே இதைச் செய்துவிட்டால் மறக்காது.

அடுத்தது பார்வை நரம்பு. கண்ணில் விழுந்த படத்தை மூளைக்குக் கொண்டுபோகிற வயர். கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் ஓரிரு நாளில் இந்த நரம்பை நாசமாக்கும். அது உடனே செய்தியாகும், ஊரே பேசும். புகையிலையும் இதே நரம்பில் கை வைக்கிறது. ஆனால் மெதுவாக, செய்தியில் வராமல். நிறைய புகை, கூடவே குடி, வயிற்றுக்குச் சரியான சாப்பாடு இல்லை, இந்த மூன்றும் சேர்கிற உடம்பில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல மங்கும். வலி கிடையாது. முதலில் நிறம் வெளுக்கும். சிவப்பு, சிவப்பாகத் தெரியாமல் பழைய துணி மாதிரி தெரியும். சிக்னல் பார்த்து வேலை செய்கிறவர்களும், வயரின் நிறம் பார்த்து இணைக்கிற எலக்ட்ரீஷியன்களும் இதைக் கவனிக்கணும்.

கியூபா என்று ஒரு தீவு நாடு. சுருட்டுக்குப் பெயர் போனது. சோவியத் யூனியன் உடைந்ததும் அங்கே சாப்பாட்டுக்குக் கடும் பஞ்சம் வந்தது. 1992, 93-ல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் நரம்பு பாதிக்கப்பட்டது. நிறைய பேருக்குக் கண் மங்கியது. தொற்று நோயோ என்று உலகமே கலங்கியது. ஆராய்ந்து பார்த்தால், சத்துக் குறைந்த சாப்பாடும் புகையிலையும், முக்கியமாகச் சுருட்டு, அதற்குப் பின்னால் இருந்தன. நாடு முழுக்க வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகு நோய் அடங்கியது. புகையில் சயனைடும் இருக்கிறது. அந்த நஞ்சை உடம்பு அப்புறப்படுத்துவதில் பி12 சத்துக்குப் பங்கு உண்டு. இப்போது உங்க ஒருநாள் சாப்பாட்டை நினைத்துப் பாருங்க. காலையில் டீ, ஒரு பீடி. பத்து மணிக்கு டீ, பிஸ்கட், ஒரு பீடி. மதியம் கேன்டீனில் பாதிச் சாப்பாடு. சாயந்திரம் கடை. கியூபா அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் இந்த நோயைச் சீக்கிரம் பிடித்து, புகையையும் குடியையும் நிறுத்தி, டாக்டர் சொல்கிற சத்து மருந்தை எடுத்தால் பலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. நாள் தள்ளினால் திரும்பாது.

சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் விழித்திரையின் ரத்தக் குழாய்களைத்தான் முதலில் தொடும். புகையிலையும் அதே குழாய்களை இறுக்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஆளை அடிப்பது மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆகணும், கண் நன்றாகத் தெரிந்தாலும்கூட. தைராய்டு அதிகமாகி விழி முன்னே தள்ளுகிற நோய் உள்ளவர்கள் புகைத்தால் அது இன்னும் மோசமாகும். கண் டாக்டர்கள் அந்த நோயாளிகளிடம் சிகரெட்டைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

ஃபர்னஸ், ரோலிங் மில் வேலைக்காரர்களே, உங்களை மறக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் இருந்து வருகிற அகச்சிவப்பு வெப்பமே பல வருஷத்தில் கண்புரையைக் கொண்டுவரும். பழைய பணியாளர் ஈட்டுத்தொகைச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவே, கண்ணுக்கு ஆபத்துள்ள வேலையில் பாதுகாப்புக் கண்ணாடியோ தடுப்போ கொடுக்கணும்னு சொன்னது. அது உங்க உரிமை. கேட்டு வாங்குங்க, வாங்கியதை நெற்றியில் மாட்டிக்கொண்டு நிற்காதீங்க. உலை ஒரு பக்கம் லென்ஸைச் சுடுகிறது. அதை நிறுத்துவது உங்க கையில் முழுசாக இல்லை. பீடியை நிறுத்துவது உங்க கையில் இருக்கிறது.

போன முகாமில் ஒருவர் எழுந்து கேட்டார்: "இருபது வருஷமா பிடிச்சாச்சு. கெட்டது கெட்டாச்சு. இனிமே உட்டா மட்டும் என்ன ஆவப்போவுது?" நியாயமான கேள்வி. ஸ்வீடனில் நாற்பத்து நாலாயிரம் ஆண்களைப் பன்னிரண்டு வருஷம் கவனித்து 2014-ல் இதற்குப் பதில் சொன்னார்கள். நாளைக்கு 15-க்கு மேல் பிடித்தவர்களுக்குக் கண்புரை ஆபரேஷன் தேவைப்படுகிற ஆபத்து, பிடிக்காதவர்களைவிட 42 சதவீதம் அதிகம். அப்படிப் பிடித்து, விட்டு, இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கு ஆபத்து 21 சதவீதம்தான் அதிகம். உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, முழுசாகப் பழைய நிலைக்கு வராது. பாதி இறங்குகிறது, அதுவும் மெதுவாக. அதனால் நாற்பதில் விடுகிறவருக்குக் கிடைக்கிற லாபம் அறுபதில் விடுகிறவருக்குக் கிடைக்காது. இங்கே முன்வரிசையில் இருக்கிற இருபத்தைந்து வயதுத் தம்பிகளுக்குத்தான் அதிக லாபம். ஆனால் அவர்கள்தான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மின் சிகரெட் பற்றி யோசிக்கிறவர்கள் இருந்தால், அதில் ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அதே நிகோடின்தான். 2019-லிருந்து நாடு முழுக்க அதற்குத் தடை.

விடுவது எப்படி? போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறீர்களே, அதிலேயே வழி இருக்கிறது. 1800-11-2356. புகையிலையை விட உதவுகிற தேசிய இலவச எண். சிகரெட் பெட்டியிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. பேசப் பயிற்சி எடுத்தவர்கள் இருப்பார்கள், தமிழிலும் பேசலாம். 'எத்தனை வருஷமா பிடிக்கறீங்க, எந்த நேரத்துல கை போகுது' என்று கேட்டு, விடுகிற தேதியை உங்களையே குறிக்கச் சொல்வார்கள். பேசக் கூச்சமாக இருந்தால் 011-22901701 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். குறுஞ்செய்தியாக வரும். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். வேண்டியவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்க.

என் அனுபவத்தில், தம் அடிக்கணும் என்கிற அந்த வேகம் சில நிமிஷம்தான் நிற்கும். தண்ணீர் குடித்து, நாலு தப்படி நடந்து, யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசினால் கடந்து போய்விடும். அப்புறம் மறுபடி வரும். முதல் வாரம் பேயாட்டம்தான். எரிச்சல் வரும், தூக்கம் வராது, வீட்டில் எரிந்து விழுவீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க. எனக்கு ஆபத்தான இடம் டீக்கடைதான். டீ டம்ளர் கைக்கு வந்தாலே இன்னொரு கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். அதனால் மூன்று மாசம் டீயை வீட்டிலேயே குடித்தேன். கடைக்காரர் நான் வேலையை விட்டுப் போய்விட்டேன் என்றே நினைத்துவிட்டார்.

வீட்டுக்குள் பிடிக்கிறவர்கள் ஒன்றை யோசியுங்க. லைன் வீடு, ஒரே அறை, ஒரு ஜன்னல். நீங்கள் விடுகிற புகையை அங்கே படுத்திருக்கிற குழந்தையும் இழுக்கிறது. கண் எரிந்து அது தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து "தூக்கம் வருதோ" என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது பரிசோதனைக்கு வாங்க. வலது பக்க மேஜையில் பெயர் எழுதிக்கொள்வார்கள். இ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறவர்கள் எண்ணைச் சொல்லுங்க. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் எழுதிக் கொடுக்க வசதியாக இருக்கும். புகையிலை பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்க; யாரும் திட்ட மாட்டார்கள், உங்க முதலாளிக்கும் போகாது. விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பைக்கில் வந்தவர்கள் ஓட்டாதீங்க, சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்க. சென்னைப் பக்கம் லோக்கல் ட்ரெயின் பிடிக்கிறவர்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல் மேம்பாலத்தில் ஏறிப் போங்க. பின்வரிசை நைட் ஷிஃப்ட்காரர்கள் முதலில் வரட்டும், அவர்கள் தூங்கணும்.